மாவு பிசைந்த விரல்

"டோனட் மாவு பிசுபிசுன்னு ஒட்டும். மோதிரத்தைக் கழற்றுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"கழற்றவே மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அத்தை."

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

மகள் வேறு, "சீக்கிரம்ப்பா," என்று நச்சரித்தாள். வேறு வழியில்லாமல் கழற்றி ஜன்னலோரம் வைத்தான்.

மாவு உப்பியது. டம்ளரால் வட்டம் வெட்டி, பாட்டில் மூடியால் ஓட்டை போட்டுப் பொரித்தெடுத்துவிட்டுத் திரும்பினால், மோதிரத்தைக் காணோம்.

மாவில் விழுந்திருக்குமோ? சுடச்சுட டோனட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தான்.

"அப்பா, வர்ற ஆன்ட்டிக்கு ஒண்ணாவது வைங்க."

"எந்த ஆன்ட்டி?"

மாமியார் அடுப்பை அணைத்தார். "என்கூட வேலை பாக்கிற பொண்ணு. சும்மா பேசிட்டுப் போகத்தான் வர்றா." கைப்பையைத் திறந்து மோதிரத்தை எடுத்தார். ஆனால் நீட்டவில்லை.

"குடுங்க அத்தை. அவ போட்டுவிட்டது."

"என் பொண்ணு போட்டதுதான். அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு மாப்பிள்ளை. பெத்தவ நானே சொல்றேன், போதும்."

அழைப்பு மணி அடித்தது. நழுவிவிடலாமா என்று பின்வாசலைப் பார்த்தான். அங்கே மகள் டோனட் தட்டோடு வழியை மறித்து நின்றுகொண்டிருந்தாள்.

விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுத்திருந்தது. அதை மறைக்க, கையைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் விட்டான்.