நாற்பது நிமிடம்

“கருப்பசாமி சார், நான், பெரியநாயகி மேடம், சத்யா. நாலு பேரு உக்காந்து ஒரு கறுப்புத் திரையைப் பாத்துகிட்டு இருக்கோம்” என்றார் அருண்பிரசாத். அந்த ஆபீசுக்கு வந்திருக்கும் புது அதிகாரி. முதல் நாள்.

“தினமும் இப்படித்தாங்க சார்” என்றாள் சத்யா. “ஆன் பண்ணதும் டிஸ்க்ல தப்பு இருக்கான்னு அதுவே தேடும். நாப்பது நிமிஷம். நடுவுல எதையாவது தட்டினா ஃபைலெல்லாம் பூடும்.”

திரையில் பதினான்கு சதவீதம்.

சத்யா கான்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கம்மாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில், சாப்பிடாமல் கிளம்பினால்தான் எட்டு மணிக்கு வருகைக்குக் கைரேகை வைக்க முடியும். கிளார்க் பெரியநாயகிக்கும் அதே பஸ்தான். இந்த நாற்பது நிமிடத்தில்தான் இருவரும் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். இது போனால் மதியம் வரை பட்டினி. இன்று இன்னும் திறக்கவில்லை.

அருண்பிரசாத் முகவாயைத் தடவினார். “ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாம கரண்ட் போனாத்தான் இது வரும். நெய்வேலியில ஏது கரண்ட் கட்? ஊருக்கெல்லாம் நாமதான் அனுப்புறோம். எங்கயோ இடிக்குது.”

பெரியநாயகி தன் செருப்பைப் பார்த்தார். சத்யா திரையையே பார்த்தாள்.

“பழைய மெஷினு, தம்பி” என்றார் கருப்பசாமி. இன்றோடு ஓய்வுபெறும் அதிகாரி, திருநெல்வேலிக்காரர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வயசானா எந்திரிச்சு உக்கார நேரம் ஆவத்தான் செய்யும். என்னையப் பாருங்க. பதினோரு வருஷமா பாக்குதேன், வேலை ஒருநாளும் நின்னதில்ல. நீங்க கை வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, உங்க தலையிலதான் விடியும்.”

அருண்பிரசாத் சிரித்துவிட்டார். “சரி, அது பாட்டுக்கு ஓடட்டும். சாப்பிடுறவங்க சாப்பிடுங்க.”

டிபன் பாக்ஸ்கள் திறந்தன. புளிச்சோறு. மூடியில் ஒரு பங்கு கருப்பசாமிக்கும் போனது.

சாயங்காலம் அவருக்கு மாலை போட்டு, மிக்சர் தின்று, எல்லோரும் கிளம்பினார்கள். ஆபீஸைப் பூட்டுவது சத்யாவின் வேலை. கருப்பசாமி மட்டும் வாசலில் நின்றார்.

“மெஷின்ல அவரு கை வைக்க வுடாம பாத்துக்கினீங்க. ரொம்ப நன்றிங்க சார்” என்றாள்.

“அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும் சத்யா. போன வருஷம் அம்மை போட்டு இருபது நாளு வராம இருந்தியே, அப்ப தினமும் சாயங்காலம் உனக்குப் பதிலா ஷட்டவுன் பண்ணாம பிளக்கைப் புடுங்கினது யாருன்னு நெனச்ச?”

பதிலுக்குக் காத்திராமல் அவர் படியிறங்கினார். சத்யா உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.