வார்ப்புரு ஏறாத பெட்டி

மதிய வெயில் ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியே மேசையில் கோடுகோடாக விழுகிறது. சர்வரைப் புதுப்பித்த பிறகு அலுவலகத்தில் எல்லோருடைய மின்னஞ்சல் பெட்டிக்கும் புதுத் தோற்றம் தரும் வார்ப்புரு ஏறிவிட்டது. கணக்குப் பிரிவு அக்காவின் பெட்டி மட்டும் பிடிகொடுக்க மறுக்கிறது. போன மழைக்காலம் வரை இந்த சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்து இறந்துபோன அவள் கணவர், யாரும் அவள் பெட்டியின் வடிவமைப்பை மாற்ற முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார். அவருடைய வேலைக்கு வந்திருப்பவன் பூட்டை நீக்கிவிட்டு, மேற்கொண்டு எதையும் அழுத்தாமல் அவளைப் பார்க்கிறான். "மெயில் ஒண்ணும் போகாதுக்கா. தோற்றம் மட்டும்தான் மாறும்." "அவர் வச்ச அந்தக் கேள்வி?" "அது டிசைன்ல இருக்குக்கா. போயிடும்." மதியம் பெட்டியைத் திறந்தால் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கும்: சாப்பிட்டியா? வேலை மும்முரத்தில், சாப்பிடாத நாளிலும், 'ஆமா'வை அழுத்தித்தான் அவள் அதை மூடியிருக்கிறாள். "ஒரே ஒரு தடவை திறந்துக்கறேன் தம்பி" என்று குனிகிறாள். கட்டம் வருகிறது. மவுஸ் பழகிய இடத்துக்குப் போய், தயங்கி, முதல் முறையாக 'இல்லை'யை அழுத்துகிறது. இத்தனை வருடமும் அவள் பார்க்காத இன்னொரு கட்டம் திறக்கிறது: "எழுந்திரு. நானும் இன்னும் சாப்பிடல. வாசல்ல நிக்கிறேன்." கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.