இரண்டாவது சாட்சி

"நாளைக்கு ராத்திரி உனக்குக் கத்தாருக்கு ஃபிளைட். இன்னைக்கு உன் கண்ணுக்கு மட்டும் பிறை தெரியுது. நல்லாத்தான் இருக்கு, ஃபைசல்," என்றார் காஜி ஜக்கரிய்யா.

பள்ளிவாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபைசல் சிரிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்திருந்தது. காயல்பட்டினத்துக்கு மேலே ஒரே மேகம். பிறை பார்த்தது உறுதியானால் நாளை பெருநாள். இல்லாவிட்டால் நாளையும் நோன்பு; பெருநாளன்று அவன் தோஹாவில் இருப்பான்.

"மேகம் கொஞ்சம் விலகிச்சு ஹஜ்ரத். அல்லாஹ் மேல ஆணையா பார்த்தேன். நாலு பெருநாளா உம்மா தனியாத்தான் உக்காந்து சாப்பிடுதா. அதுக்காகப் பொய் சொல்வேனா?"

"சொல்ல மாட்டே. ஆனா ரெண்டு சாட்சி வேணும்லா. கூட யாரு நின்னா?"

தூணோரம் உட்கார்ந்திருந்தவரை ஃபைசல் காட்டினான். மாலத்தீவுக் கப்பல்காரர் என்று ஊரில் பேச்சு. கப்பல் பழுதாம். ரமலான் முழுக்கப் பள்ளிவாசலிலேயே தங்கியிருக்கிறார். ஒரு நோன்பு, ஒரு தொழுகை விட்டதில்லை. பேச்சுதான் குறைவு.

காஜி அவரை அருகில் அழைத்தார்.

"எங்கன நின்னு பார்த்தீங்க?"

"கடற்கரையில். இவர் பக்கத்தில்."

"எந்தத் திசை?"

"மேற்கு. தென்னைகளுக்கு மேலே."

"எப்படி இருந்துச்சு?"

"நகத்தை வெட்டிப் போட்டது போல. இரண்டு கொம்பும் மேலே பார்த்து இருந்தன. கொஞ்ச நேரத்தில் மேகம் மூடிவிட்டது."

காஜி அவர் முகத்தையே பார்த்தார். "நாளைக்குப் பெருநாள் வந்தா உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒன்றுமில்லை. எனக்கு நோன்பு இருக்கப் பிடித்திருக்கிறது."

"நோன்புக் கஞ்சி பிடிச்சுப் போச்சுன்னு சொல்லுங்க," என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

"போதும். ரெண்டு சாட்சியும் சரி," என்று காஜி எழுந்தார்.

ஒலிபெருக்கியில் பெருநாளை அறிவிக்கும் தக்பீர் முழக்கம் கேட்டதும் ஃபைசல் செருப்பைக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினான். கூட்டம் தெருவில் இறங்கியது. கப்பல்காரர் மட்டும் முற்றத்தில் நின்று வானத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னும் மேல பார்க்கீங்க?" என்று கேட்டபடி காஜி வெளியே வந்தார்.

"ஒரு சந்தேகம் ஹஜ்ரத்," என்றார் தயங்கியபடி. "எங்கள் ஊரில் மூன்று நிலாவும் தெரிந்தால்தான் நோன்பை முடிப்போம். மற்ற இரண்டும் இங்கே எப்போது வரும்?"