நாற்பத்திரண்டு கடை, ஒரு கூரை

‘ஒருவேளை மேடத்தை’ ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிடுவது என்று பொது மேலாளர் முடிவெடுத்தபோது காலை மணி பத்தே கால்.

அந்தக் காப்பீட்டுக் கம்பெனியில் அந்தம்மாவுக்கு அதுதான் பெயர். “ஒருவேளை மழை வந்தா?”, “ஒருவேளை வயர் பத்திக்கிட்டா?” என்று எதற்கெடுத்தாலும் ஆரம்பிப்பார். மறுகாப்பீடு அவர் பொறுப்பு. கம்பெனி தன்னால் தாங்க முடியாத பாரத்தை, பிரீமியம் கட்டி, தன்னைவிடப் பெரிய கம்பெனியின் தோளில் ஏற்றி வைக்கிற வேலை.

மேலாளருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மனிதர் ஏஜென்ட்டாகத் தொடங்கி, பேசிப் பேசியே இந்த நாற்காலிக்கு வந்தவர்.

“மேடம், நாம ஊருக்கே இன்ஷூரன்ஸ் விக்கிறவங்க. நாமளே போய் இன்னொருத்தன்கிட்ட இன்ஷூரன்ஸ் வாங்குறதா? வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?”

“எல்லாக் கம்பெனியும் வாங்குது சார்.”

“பன்னிரண்டு வருஷமா அவனுக்குக் கொட்டி அழறோம். ஒரு பைசா திரும்பி வந்துச்சா?”

“வரல சார்.”

இந்தம்மாவுக்கு அங்கிருந்து ஏதாவது கமிஷன் வருகிறதோ என்றுகூட அவருக்கு ஒரு சந்தேகம். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“அந்தக் கடைத்தெருவையே எடுத்துக்குங்க. ஒரு கடைக்கு அம்பது லட்சம் பாலிசி. எரிஞ்சா இடது கையால எடுத்துக் கொடுத்துட்டுப் போறோம்.”

“ஒரு கடைன்னா கொடுத்துடலாம் சார். ஒருவேளை நாப்பத்திரண்டும் எரிஞ்சா?”

“ஆரம்பிச்சுட்டீங்களா?”

“நான் போய் நடந்து பார்த்தேன் சார். நம்மகிட்ட நாப்பத்திரண்டு ஃபைல் இருக்கு. அங்க கூரை ஒண்ணுதான். இந்த முனையில பிடிச்சா அந்த முனையிலதான் நிக்கும். இருபத்தோரு கோடி. நம்ம கையில மொத்தமே எட்டு கோடி. மறுகாப்பீடு இருந்தா முதல் ரெண்டு கோடி நம்மது, அதுக்கு மேல அவங்களது.”

“இத்தனை வருஷம் எரியாத கூரை இனிமேதான் எரியப் போகுதா?”

“இன்னிக்கு மூணு மணிக்குள்ள புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பணும் சார். இல்லைன்னா நாளையிலேர்ந்து நாம தனி ஆள்.”

“தனியாவே நிப்போம். நீங்க நாளைக்கு ரெக்கார்டு ரூம்ல உட்காருங்க.”

அந்தம்மா “சரி சார்” என்று ஒப்பந்தக் காகிதத்தை ஃபைலில் வைத்து மூடினார். மேலாளருக்கே சப்பென்று ஆகிவிட்டது.

மதியம் ஒரு மணிக்கு அதே அம்மா கதவைத் தட்டினார். “சார், கடைத்தெருவிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். இனிமே பாலிசியே வேண்டாமாம். பெரியவர்கிட்டதான் பேசுவேன்னு உட்கார்ந்திருக்கார்.”

“அனுப்புங்க.” மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். எத்தனை பேரைப் பார்த்தவர் அவர்.

வந்தவர் செருப்புக்கடைக்காரர். உட்காரும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

“பதினஞ்சு வருஷமா கட்டுறேங்க. ஒரு தீக்குச்சிகூட எரியல. என் பணமெல்லாம் எங்க போச்சு?”

“எங்கேயும் போகல ஐயா. பதினஞ்சு வருஷமா கடையைப் பூட்டிட்டுப் போய் நிம்மதியாத் தூங்கினீங்கள்ல, அதுக்குக் கொடுத்த காசு அது. எரியலைன்னா சந்தோஷப்படணும். நஷ்டம்னு வருத்தப்படலாமா?”

“எனக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்? பத்து ஜோடி செருப்பு வீணாப் போனா நானே வாங்கிப் போட்டுக்குவேன்.”

“போட்டுக்குங்க. சின்ன நஷ்டம் உங்களது. தீ பத்து ஜோடி எரிச்சதும் போதும்னு நிக்குமா? தாங்க முடியாததை மட்டும் எங்க தலையில கட்டுங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?”

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அன்றைக்குப் பிரமாதமாகப் பேசினார். செருப்புக்கடைக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் மெதுவாக ஒன்று கேட்டார்.

“எல்லாம் சரிங்க. எங்க தெருவுல நாப்பத்திரண்டு பேரும் உங்க தலையிலதான் கட்டியிருக்கோம். உங்களால தாங்க முடியலைன்னா, நீங்க யார் தலையில கட்டுவீங்க?”

மேலாளர் வாயைத் திறந்தார். காலையில் தான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. செருப்புக்கடைக்காரர் பேசியதற்கும் அதற்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை.

நல்லவேளை, இந்தப் பேச்சைக் கேட்க அறையில் வேறு யாரும் இல்லை.

“அதுக்கும் ஏற்பாடு இருக்கு ஐயா,” என்றார். “எங்களைவிடப் பெரியவங்க இருக்காங்க. எங்க மேடம் அதையெல்லாம் பார்த்துக்குறாங்க.”

“அப்பச் சரி. புதுப்பிச்சுடுங்க,” என்று எழுந்து போனார் அவர்.

மணி இரண்டு நாற்பது. மேலாளர் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஒருவேளை மேடம் வந்து நின்றார். கையெழுத்துப் போட வேண்டிய பக்கம் திறந்திருந்தது. பேனா மூடிகூடக் கழற்றியிருந்தது. மேலாளர் போட்டார்.

“ரெக்கார்டு ரூம் வேண்டாம் மேடம். இங்கேயே இருங்க.”

“சரி சார்.” ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

சாதித்த திருப்தியோடு மேலாளர் கவுன்ட்டருக்குப் போனார். “கடைத்தெரு செருப்புக்கடை. ஆளை நானே பேசி மடக்கியிருக்கேன். மனசு மாறுறதுக்குள்ள புதுப்பிச்சுடுங்க.”

கிளார்க் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவரா சார்? போன மாசமே வந்து கட்டிட்டாரே. நம்ம ஒருவேளை மேடத்தோட சித்தப்பா. வருஷா வருஷம் முதல் ஆளா வந்து நிக்கிறவராச்சே.”