பெயர் வைத்த தூசி

மாமியார் பெயரில் ஒரு தூசி இருக்கிறது. மாமனார் பெயரிலும் ஒன்று இருக்கிறது. என் பெயரில்தான் இல்லை.

வீட்டில் கூட்டித் தள்ளுகிற தூசி இல்லை இது. எங்கேயோ தூரத்தில் ஒரு வால்நட்சத்திரத்தின் கூடவே ஒரு விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது. வால்நட்சத்திரம் உதிர்க்கிற தூசியைத் தகட்டில் பிடித்துப் படம் எடுத்து அனுப்புகிறது. என் வீட்டுக்காரர் மார்க், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பதினாலாவது மாடியில் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்தத் துகள்களை அளவெடுப்பார். அதுதான் வேலை.

படத்தில் புதிதாக ஒரு துகளைக் கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைக்கலாம்.

மாமியார் அமலம்மாள் பெயரை வைத்தாயிற்று. மாமனார் ஹென்றி பெயரையும் வைத்தாயிற்று. நாசி கண்டார் சோற்றுக்கடையில் கறி ஊற்றுகிற நாகூர் மீரானுக்குக்கூட ஒன்று. கீழ்வீட்டு ஸுல்கிஃப்லி அப்படி என்ன செய்துவிட்டார்? எங்கள் காடி ஸ்டார்ட் ஆகாத அன்றைக்கு வந்து தள்ளினார். அவருக்கும் ஒன்று.

இத்தனை வருஷம் சோறு போட்டவள் நான்.

இன்றைக்குக் காலையில் ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“ஏங்க, கறி ஊத்துறவருக்கெல்லாம் இருக்கு. நான் என்ன அவ்ளோ இளக்காரமா போயிட்டேனா?”

மார்க் சிரித்தார்.

“பேர் வச்சா அதோட கத முடிஞ்சிச்சுலா, நட்டாலி. அது எதுல ஆனதுன்னு பாக்கணும்னா அங்க கலத்துலயே கதிரால அடிக்கணும். அடிச்சா பாதி பொடியாயிரும். நான் பேர் வச்சத எப்ப அடிக்கிறதுன்னு நான்தான் எழுதிக் குடுக்கணும். உன் பேர எழுத எனக்குக் கை வருமா?”

இத்தனை நாளாக நெஞ்சுக்குள் புகைந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்தது. மாமியார் எந்த அளவுக்குப் பொடியானார் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

காட்டச் சொன்னேன். கணினியில் படத்தைப் பெரிதாக்கினார்.

அமலம்மாள் நடுவில் குழி விழுந்து கிடந்தார். ஹென்றி நாலு துண்டு. நாகூர் மீரான் இருந்த இடத்தில் கறைதான் மிச்சம். ஸுல்கிஃப்லியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மார்க்கின் தோளில் சாய்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன்.

ஓரத்தில் ஒன்று, வந்து விழுந்தது விழுந்தபடியே இருந்தது. பஞ்சு மாதிரி, முழுசாக. ஒரு கீறல் கிடையாது. தேதியைப் பார்த்தால் எல்லாருக்கும் முன்னால் வந்தது அதுதான்.

கீழே பெயர் போட்டிருந்தது. அதிரா.

எங்கள் குடும்பத்தில் அதிரா என்று யாரும் இல்லை. அவர் குடும்பத்திலும் இல்லை.

“இத இன்னும் அடிக்கலையா?” என்று கேட்டேன்.

மார்க் ரொட்டியைப் பிய்த்தார். சின்னதாகப் பிய்த்தார். அதையும் இன்னும் சின்னதாகப் பிய்த்தார்.

“அதுக்கு டர்ன் இன்னும் வரல,” என்றார்.