ராக்காயியின் சாக்கு

இசக்கிப்பாண்டிக்கு ஒரு கை மட்டும்தான் வெந்திருந்தது. ஆனாலும் எழுந்து உட்கார மனசில்லாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தான்.

பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் காசிராஜன் வந்து தலைமாட்டில் நின்றார்.

"ஏலே, ரூமே சாம்பலாப் போச்சு. நீ தப்பிச்சது நம்ம கம்பெனி கொடுத்த தீப்பிடிக்காத கோட்டாலன்னு டிவிக்காரங்ககிட்டச் சொல்லிரு."

"நான் கோட்டுப் போடலை அண்ணாச்சி. ஈரச் சாக்கைப் போத்திக்கிட்டு ஓடியாந்தேன்."

"கூறுகெட்டவனே! எம்புட்டு ஒசத்தியான கோட்டு! அதை விட்டுட்டுச் சாக்கையா போத்துவ?"

"அது எங்கூட வேலை பார்த்த ராக்காயி சாக்கு. தெனமும் நனைச்சுப் பக்கத்துல வச்சுக்கிடுவா. 'உருளைக்கிழங்கு மூட்டை வந்திருச்சுடோய்'னு நான்தான் கேலி பேசுவேன்."

"அது கிடக்கட்டும். கோட்டு எங்கலே?"

இசக்கிப்பாண்டி இன்னும் சுவரைத்தான் பார்த்தான்.

"தீயைக் கண்டதும் அவ சாக்கைத்தான் எடுத்தா. நல்ல பொருளை அவ போடட்டும்னு, கோட்டைக் கழட்டி அவளுக்கு மாட்டிவிட்டு, சாக்கை நான் பிடுங்கிக்கிட்டேன். கோட்டு உருகி அவ மேலோட ஒட்டிக்கிச்சு அண்ணாச்சி. நேத்து அந்தக் கோட்டோடதான் அவளை எரிச்சாக."