மூன்றாம் அடி

"மாஸ்டர், அச்சு மெசின் சூடாறிப் போச்சுது. வெண்பா எங்கை?"

மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னரே அச்சகக்காரர் செல்வராசா கேட்டார். மேசையில் குனிந்திருந்த குகதாசன் நிமிரவில்லை.

"இன்னும் முடியேல்லை."

"என்ன கதை இது? போன மாசம் அமராவதி ஆச்சிக்கு, நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்கமுன்னம் எழுதித் தந்தனீங்கள்!"

"அது அமராவதி ஆச்சிக்கு."

ஸ்கந்தபுரத்தில் எவர் இறந்தாலும் திதி வெண்பாவுக்குக் குகதாசனிடந்தான் வருவார்கள். இறந்த மாதம், பிறை, திதி ஆகியவற்றை நான்கு அடிக்குள் அடக்கும் பாட்டு அது. ஆண்டுதோறும் எந்த நாளில் திவசம் செய்வது என்பதை வீட்டார் அதைப் பார்த்தே அறிவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவருடைய வெண்பா எதிலும் ஒருமுறையேனும் தளை தட்டியதில்லை.

இம்முறை எழுத வேண்டியிருந்தது அவருடைய மகன் கோகுலனுக்கு. இரண்டு அடிகள் நின்றன. திதி வரவேண்டிய மூன்றாம் அடி வெறுமையாகக் கிடந்தது.

செல்வராசா குரலைத் தணித்தார். "வராட்டி எழும்பி ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ மாஸ்டர். வாய்க்கால் கரையாலை நடந்து பாருங்கோ."

"நடந்து பாத்திட்டன். வாய்க்காலுக்கு என்னிலை அலுத்துப் போச்சுது."

"என்ரை மகள் கவிதை எழுதுறவள். வராட்டி முதல் பிழையாய் எழுதிப்போட்டுப் பிறகு திருத்துவாள்."

"பிழையாய் எழுதினது பிழையாய்த்தான் கிடக்கும்."

"அப்ப ஆடி அமாவாசை எண்டு போடுங்கோவன். நாள் தெரியாத பிள்ளையளுக்குக் கன சனம் அப்பிடித்தானே செய்யுது."

"தளை தட்டுது."

"ஆருக்கு, உங்களுக்கோ?" செல்வராசா சிரித்தார். வேறு எவரும் சிரிக்காததால் உடனே நிறுத்திக்கொண்டார்.

குசினியிலிருந்து தேநீரோடு வந்தார் குகதாசனின் மனைவி விமலேஸ்வரி.

"மாஸ்டர் நல்லா மெலிஞ்சு போனார் அக்கா."

"மெலியாமல்? போன கிழமையும் வயிறு சரியில்லை எண்டு ஒரு நாள் முழுக்கப் பட்டினி. போட்டுக் குடுத்த சோத்தைக் கொண்டுபோய்க் காகத்துக்கு வைச்சிட்டார்."

"வயசு போகுதெல்லோ," என்றார் குகதாசன்.

விமலேஸ்வரி செல்வராசாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, திங்கக்கிழமை நான் ஆசுப்பத்திரியிலை படுக்கவேணும். நெஞ்சைத் திறந்து செய்யிற ஒப்பரேசன். அதுக்கு முன்னம் அவன்ரை படத்தையும், அதுக்குக் கீழை வெண்பாவையும் நான் கண்ணாலை பாக்கவேணும். நான் திரும்பி வந்தாலும் வராட்டிலும் அடுத்த வருசம் அவனுக்குத் திவசம் நடக்கவேணும்."

"நாளைக்குக் காலமை தந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன் அக்கா," என்று சொல்லிவிட்டுச் செல்வராசா புறப்பட்டார்.

யுத்தத்தின் கடைசி நாள்களில், தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிப் பதுங்குகுழியை விட்டு வெளியேறிய கோகுலன் திரும்பவில்லை. தேடிப்போன குகதாசன், விடிந்த பின்னர் தனியே வந்தார். "காணேல்லை," என்றார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, கிளிநொச்சி வீதியோரப் போராட்டப் பந்தலில், காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு விமலேஸ்வரி ஆண்டுக்கணக்காக இருந்தார். மடியில் மகனுடைய படம் இருந்தது. சென்ற மாதந்தான் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, "பந்தலிலை இருந்தது காணும். இனி இவனுக்கு ஒரு வெண்பா எழுதுங்கோ," என்று கணவரின் மேசையில் வைத்தார்.

பின்னேரம் விமலேஸ்வரி ஒரு கதிரையை இழுத்து, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். எழுதியவரையில் வாசித்தார்.

கந்த புரத்துக் குகதாசன் கண்மணியாய்
வந்துதித்த கோகுலன் வான்புகுந்த – அந்தநாள்

"இஞ்சருங்கோ, ஆடி அமாவாசை இதுக்குள்ளை வடிவாய் நிக்குமே. இவ்வளவு காலமும் உங்களோடை இருந்த எனக்குத் தளை தெரியாதோ?"

குகதாசன் பேனையை மூடினார். "நிக்கும். பொய் நாளொண்டை அவன்ரை பேருக்குக் கீழை எழுத எனக்குக் கை வரேல்லை."

"அப்ப மெய் நாளை எழுதுங்கோ."

"அது ஆருக்குத் தெரியும், விமலம்?"

அவர் கேட்டது மேசையைப் பார்த்து. விமலேஸ்வரி மேசையிலிருந்த படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் தூசி இருக்கவில்லை.

"உமக்குக் களைப்பாயிருக்கும். போய்ப் படும்," என்றார் குகதாசன். "விடியமுன்னம் எப்பிடியும் எழுதிப்போடுவன்."

"நான் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ."

பேனையின் மூடியைக் கழற்றி அவருடைய கையில் கொடுத்தார் விமலேஸ்வரி.

"வைகாசித் தேய்பிறை அட்டமி."

மூன்றாம் அடியில் அது பிசகின்றிப் பொருந்தியது. குகதாசன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"உமக்கு… அது எப்பிடி…"

"வருசா வருசம் நீங்கள் வயிறு சரியில்லை எண்டு சோத்தைக் காகத்துக்கு வைக்கிற நாள்தானே," என்றார் விமலேஸ்வரி. "கலண்டரிலை திகதி மாறி மாறி வந்தது; திதி ஒருக்காலும் மாறேல்லை."